ஆந்தைச் சின்னம் போட்ட கணினி: பிரிட்டிஷ் வகுப்பறைகளின் கதை

பள்ளிக்கூடத்தில் "கம்ப்யூட்டர் லேப்" என்று ஒரு அறை இருப்பது இன்று யாருக்கும் அதிசயமில்லை. செருப்பை வாசலில் கழற்றி விட்டுவிட்டு, ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேராக நெருக்கி உட்கார்ந்து, ஆசிரியர் சொல்லும் வரை எதையும் தொடாமல் காத்திருந்த அனுபவம் இதைப் படிக்கும் பலருக்கும் இருக்கும். பெயிண்டில் ஒரு வீடும் தென்னை மரமும் வரைந்திருப்பீர்கள். வேர்டில் ஒரு விடுப்பு விண்ணப்பம் தட்டியிருப்பீர்கள்.

ஆனால் அந்த அறையில் பிள்ளைகள் உண்மையில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? கணினியைப் பயன்படுத்தவா, இல்லை கணினிக்கு வேலை சொல்லவா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. பஸ்ஸில் ஏறிப் போவதற்கும் பஸ்ஸின் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைச் சொல்லி, பிறகு அதை மாற்றி, பிறகு மறுபடியும் பழைய பதிலுக்கே திரும்பிய நாடு பிரிட்டன். சுமார் 35 ஆண்டுகள் நடந்த அந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

கேள்வி கேட்கும் இயந்திரம்

வகுப்பறையில் இயந்திரத்தைக் கொண்டுவரும் ஆசை கணினிக்கும் முந்தியது. 1953இல் அமெரிக்க உளவியல் அறிஞர் பி.எஃப். ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிட்டு, சரியா தப்பா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள், சிலருக்கு ஒன்றுமே புரியவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்தவர் ஒரு "கற்பிக்கும் இயந்திரம்" செய்தார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு கேள்வி வரும், பிள்ளை விடை சொல்லும், விடை சரியா என்று உடனே தெரியும், அடுத்த கேள்வி வரும். அவ்வளவுதான்.

1960களில் இதே வேலையைக் கணினிகள் எடுத்துக்கொண்டன. இலினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய 'பிளேட்டோ' அமைப்பும், ஸ்டான்ஃபோர்டில் பேட்ரிக் சப்பீஸ் நடத்திய கணக்குப் பயிற்சிகளும் இவற்றில் புகழ்பெற்றவை. (பிளேட்டோ பின்னாளில் இதைவிடப் பெரிதாக வளர்ந்தது. மின்னரட்டை, விவாதப் பலகை, பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு எல்லாம் 1970களிலேயே அதில் வந்துவிட்டன. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.)

இந்தப் போக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தவர் சீமோர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர். ஜெனீவாவில் ஜான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, எம்.ஐ.டி.க்குப் போனவர். 1967இல் அவரும் வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரும் குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். "முன்னே 100 போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு" என்று எழுதினால் ஆமை போன்ற சின்ன ரோபோ ஒன்று தரையில் ஊர்ந்து கோடு போடும். இதையே நான்கு தடவை சொன்னால் சதுரம். வட்டம் வேண்டுமானால் என்ன சொல்ல வேண்டும்? பிள்ளை தானே எழுந்து நின்று, நடந்து, திரும்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கும். கணினி பிள்ளைக்கு நிரல் எழுதக் கூடாது, பிள்ளைதான் கணினிக்கு நிரல் எழுத வேண்டும் என்பது பேப்பர்ட்டின் வாதம். 1980இல் வந்த அவருடைய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூல் பிரிட்டனில் பல ஆசிரியர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சரியான நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது எனலாம்.

வேலை போய்விடும் என்ற பயம்

1978 மார்ச்சில் பிபிசி தொலைக்காட்சியில் 'நவ் த சிப்ஸ் ஆர் டவுன்' என்ற ஆவணப்படம் ஒளிபரப்பானது. மைக்ரோபிராசசர் என்னும் விரல்நுனி அளவு சில்லு வந்துவிட்டது, அது பல தொழில்களை விழுங்கப் போகிறது, நாடு தயாராக இல்லை என்பதுதான் அதன் செய்தி. வேலையில்லாத் திண்டாட்டம் ஏறிக்கொண்டிருந்த காலம். 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. பயத்துக்குக் காரணம் இருந்தது.

பயந்த நாடு இரண்டு காரியங்கள் செய்தது. அரசு 1980இல் 'மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் கல்வித் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் பாட மென்பொருள் எழுதவும் வட்டார மையங்களை அமைத்தது. இன்னொரு பக்கம் பிபிசி, சாதாரண மக்களுக்குக் கணினியைப் பற்றிச் சொல்லித்தர ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்கத் தீர்மானித்தது. வெறும் பேச்சாக இருக்கக் கூடாது, பார்ப்பவர்கள் வீட்டில் தாங்களே செய்து பார்க்க வேண்டும், அதற்கு பிபிசி பெயரிலேயே ஒரு கணினி வேண்டும் என்று முடிவானது. ஒரு ஒலிபரப்பு நிறுவனம் தன் பெயரில் கணினி விற்பதா என்று புருவத்தை உயர்த்தியவர்களும் உண்டு.

முதலில் நியூபரி என்ற நிறுவனத்தின் 'நியூபிரெய்ன்' கணினியைத்தான் நினைத்திருந்தார்கள். அது நேரத்துக்குத் தயாராகாது என்று தெரிந்ததும் மற்ற நிறுவனங்களின் கதவைத் தட்டினார்கள். அவற்றில் ஒன்று கேம்பிரிட்ஜில் 1978இல் தொடங்கிய ஏகார்ன் என்ற சின்ன நிறுவனம். ஹெர்மன் ஹவுசர், கிறிஸ் கரி என்ற இரண்டு பேர் நடத்தியது.

அடுத்து நடந்தது சினிமாவில் வருவது மாதிரி இருக்கும். பிபிசிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அன்றைக்கு ஓடும் கணினி ஒன்றைக் காட்ட வேண்டும். கையில் இருப்பதோ காகிதத்தில் ஒரு திட்டம். ஹவுசர் தன் பொறியாளர்களான சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரிடமும் தனித்தனியே பேசினார். ஒவ்வொருவரிடமும் "மற்றவர் முடியும் என்று சொல்லிவிட்டார்" என்றார்! இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு வாரம் தூக்கமில்லாமல் கம்பிகளைச் சுற்றி ஒரு மாதிரியைக் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை வரை அது ஓடவில்லை. மாதிரியையும் சோதனைக் கருவியையும் இணைத்திருந்த ஒரு கம்பியைத் துண்டித்துப் பார்க்கச் சொன்னார் ஹவுசர். துண்டித்ததும் உயிர் வந்தது. ஒப்பந்தம் ஏகார்னுக்குக் கிடைத்தது. போட்டியில் தோற்ற கிளைவ் சின்க்ளேருக்கு வந்த கோபம் பிரிட்டிஷ் கணினி உலகில் இன்றைக்கும் பேசப்படும் கதை.

சுவிட்சைப் போட்டால்

1981 டிசம்பரில் பிபிசி மைக்ரோ வெளிவந்தது. புள்ளிகளால் ஆன ஆந்தைதான் அதன் சின்னம். 'ஏ' மாடலில் 16 கிலோபைட் நினைவகம், 'பி' மாடலில் 32. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தைக்கூட அதற்குள் வைக்க முடியாது. விலை 235 பவுண்டும் 335 பவுண்டும் என்று அறிவித்தார்கள், கொஞ்ச நாளிலேயே 299, 399 என்று ஏற்றினார்கள். சாதாரணக் குடும்பத்துக்கு அது பெரிய பணம். மொத்தம் 12,000 விற்றால் போதும் என்று பிபிசி கணக்குப் போட்டிருந்தது. கடைசியில் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆரம்ப மாதங்களில் பணம் கட்டியவர்கள் இயந்திரத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பள்ளிகளுக்கு அரசு பாதி விலையைக் கொடுத்தது. 1981இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு, அடுத்த ஆண்டு ஆரம்பப் பள்ளிகளுக்கு. மீதிப் பாதியைப் பள்ளி தேட வேண்டும். பட்டியலில் இருந்த பிரிட்டிஷ் கணினிகளில் எதையும் வாங்கலாம் என்றாலும் பெரும்பாலான பள்ளிகள் பிபிசி மைக்ரோவையே வாங்கின. 1980களின் நடுவில் பிரிட்டிஷ் பள்ளிகளில் பத்தில் எட்டுப் பள்ளிகளில் அந்த ஆந்தை இருந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையின் முக்கியமான இடம் இதுதான். அந்தக் கணினியைப் போட்டால் படங்கள் வராது, மெனு வராது, சுட்டி கிடையாது. இரண்டு சுருதியில் ஒரு "பீப்" கேட்கும். கறுப்புத் திரையில் கணினியின் பெயரும் 'பேசிக்' என்ற சொல்லும் வரும். கீழே ஓர் அம்புக்குறி, பக்கத்தில் மினுக்கும் ஒரு கோடு. அவ்வளவுதான்! என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் நாள் முழுக்க மினுக்கிக்கொண்டே இருக்கும். அன்றைய பிரிட்டிஷ் பிள்ளைகள் எல்லோரும் எழுதிய இரண்டு வரி நிரல் ஒன்று உண்டு. 10ஆம் வரியில் தன் பெயரை அச்சிடு. 20ஆம் வரியில் மறுபடியும் 10க்குப் போ. ஓட்டினால் திரை முழுக்கத் தன் பெயரே ஓடும். கடைகளில் காட்சிக்கு வைத்திருந்த கணினிகளில் இதை எழுதிவிட்டு ஓடிப்போவது அந்தக் காலத்துக் குறும்பு. (பெயருக்குப் பதிலாக எழுதிய சொற்கள் இங்கே வேண்டாம்.)

கணினிக்கு வேலை சொல்வது தனியாக வைத்த பாடம் அல்ல. கணினியைப் போட்டதும் முதலில் எதிரே வந்து நிற்பதே அதுதான். சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக் அந்தக் காலத்து மற்ற பேசிக்குகளைவிட ஒழுங்கான மொழியாக இருந்ததும் ஒரு லாபம். பெட்டியின் பின்னாலும் அடியிலும் ஏகப்பட்ட இணைப்பு வாய்கள். வெப்பத்தை அளக்கும் உணரியைச் சொருகி அறிவியல் சோதனை செய்யலாம், பேப்பர்ட்டின் ஆமையைச் சேர்த்து ஓட்டலாம்.

நிரலைச் சேமிக்க சாதாரண டேப் ரிக்கார்டர். ஒரு நிரல் கேசட்டிலிருந்து ஏறப் பல நிமிடங்கள் பிடிக்கும். நடுவில் ஏதாவது சிக்கினால் முதலிலிருந்து. 1983 முதல் சில ஆண்டுகள் பிபிசி தன் தொலைக்காட்சி அலைவரிசையிலேயே நிரல்களை ஒளிபரப்பியது என்பது ஆச்சரியமான விஷயம். உரிய கருவி இருந்தால் ஆன்டெனா வழியே மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். இணையத்தில் டவுன்லோடு செய்யும் காலத்துக்கு எவ்வளவோ முன்னால்!

ஒரு பள்ளிக்கு ஒரு பெட்டி

இவ்வளவையும் படித்தால் பொற்காலம் என்று தோன்றும். பொற்காலம்தானா? முழுதாக அப்படிச் சொல்லிவிட முடியாது.

பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கணினி. தள்ளுவண்டியில் வைத்து வகுப்பு வகுப்பாக உருட்டிப் போவார்கள். ஒரு பிள்ளைக்கு வாரத்தில் சில நிமிடங்கள் கிடைத்தால் பெரிய விஷயம். ஆசிரியர்களில் பலர் அதுவரை கணினியைத் தொட்டதே இல்லை. கிடைத்த பயிற்சியும் குறைவு. ஆரம்பப் பள்ளிகளுக்கு 'மைக்ரோ பிரைமர்' என்ற மென்பொருள், பயிற்சித் தொகுப்பு கூடவே வந்தது. அதை வைத்துக்கொண்டு மாலையில் வீட்டில் உட்கார்ந்து தானே கற்றுக்கொண்ட ஆசிரியர்கள்தாம் இந்தத் திட்டத்தைத் தாங்கினார்கள். ஆர்வமுள்ள ஆசிரியர் இல்லாத பள்ளியில் கணினி உறை போட்டபடி மூலையில் இருந்தது, அல்லது ஸ்கின்னரின் பெட்டி மாதிரி வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தது. விலையுயர்ந்த வாய்ப்பாட்டுப் புத்தகம்!

ஒரே பெட்டி என்பதால் எதிர்பாராத நன்மையும் விளைந்தது. 1983இல் மைக் மேட்சன் என்பவர் எழுதிய 'கிரானிஸ் கார்டன்' என்ற சாகச விளையாட்டு ஆரம்பப் பள்ளிகளில் பெரும் புகழ் பெற்றது. சூனியக்காரி கடத்திப்போன பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். திரையைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்று, திரையில் வருவதைச் சத்தமாகப் படித்து, எந்தக் கதவைத் திறப்பது என்று வாதாடி, ஒருவர் தட்டுவார். இன்று நாற்பது ஐம்பது வயதில் இருக்கும் ஆங்கிலேயர்களிடம் அந்தச் சூனியக்காரியைப் பற்றிக் கேட்டால் உடனே முகம் மாறும். ஆளுக்கொரு கணினி இருந்திருந்தால் அந்த வாதாட்டம் நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

1986இல் இன்னொரு பெரிய முயற்சி. 1086இல் வில்லியம் மன்னர் நாட்டின் நிலங்களை எல்லாம் கணக்கெடுத்து எழுதிய 'டூம்ஸ்டே புக்'கின் 900ஆம் ஆண்டு நிறைவு அது. அதைக் கொண்டாட, பிள்ளைகளே தங்கள் ஊரைப் பற்றி எழுதிப் படமெடுத்து அனுப்பும் திட்டத்தை பிபிசி நடத்தியது. நாட்டை 4 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அருகிலுள்ள பள்ளியிடம் கொடுத்தார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கேற்றார்கள். எல்லாவற்றையும் இசைத்தட்டு அளவுள்ள லேசர் வட்டில் பதிந்தார்கள். பதிந்து என்ன பயன்? வட்டையும் அதை ஓட்டும் கருவியையும் வாங்க 5,000 பவுண்டு வரை ஆனது. எழுதிக் கொடுத்த பள்ளிகளிலேயே பல அதை வாங்க முடியவில்லை. பதினைந்து ஆண்டுகளில் அந்த வட்டுகளைப் படிக்கும் கருவிகளும் அரிதாகிவிட்டன. 2002இல் ஆராய்ச்சியாளர்கள் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் எழுதி அவற்றைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. 1086இன் மையெழுத்தோ லண்டனில் இன்றும் படிக்கும்படி இருக்கிறது.

இந்தியாவுக்கு வந்த ஆந்தை

1984-85இல் இந்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிகளில் கணினி அறிவும் கல்வியும் என்பதுதான் அந்தச் சுருக்கத்தின் பொருள். மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து நடத்திய இத்திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த இயந்திரம் பிபிசி மைக்ரோ. முதலில் சுமார் 250 பள்ளிகள், பிறகு படிப்படியாக இரண்டாயிரத்துக்கும் மேல். பஞ்சாபின் மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், ஏகார்னுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு இங்கேயே அந்தக் கணினிகளைப் பூட்டித் தந்தது. 1989 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் சில்லு ஆலை தீயில் எரிந்துபோனது இந்திய மின்னணுத் துறை வரலாற்றில் ஒரு சோகமான பக்கம்.

பிரிட்டனில் கணினிக்குப் பின்னால் தொலைக்காட்சித் தொடர் இருந்தது, பயிற்சி மையங்கள் இருந்தன, வீட்டிலும் அதே கணினியை வைத்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள், மென்பொருள் தாய்மொழியில் இருந்தது. இந்தியப் பள்ளிக்கு வந்தது முக்கியமாகப் பெட்டிதான். கூட வந்த மென்பொருளும் வழிகாட்டி நூல்களும் ஆங்கிலத்தில் இருந்தன. தேர்வில் வராத பாடத்துக்கு நம் பள்ளிகளில் என்ன மரியாதை கிடைக்கும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் மின்வெட்டுக்கு நடுவே, தூசி படாமல் துணி மூடிப் பாதுகாத்த அந்தப் பெட்டிகளில்தான் ஒரு தலைமுறை இந்திய மாணவர்கள் சிலர் முதல் நிரலை எழுதினார்கள்.

மினுக்கும் கோடு மறைந்தது

1990களில் காட்சி மாறியது. ஏகார்னுக்கு 1985லேயே பணக்கஷ்டம் வந்து இத்தாலியின் ஆலிவெட்டி நிறுவனம் அதில் பெரும் பங்கை வாங்கியிருந்தது. உலகமெங்கும் அலுவலகங்களில் விண்டோஸ் வந்தது. "அலுவலகத்தில் இருப்பதை அல்லவா பள்ளியில் சொல்லித்தர வேண்டும்" என்று பெற்றோர்களும் முதலாளிகளும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1988 கல்விச் சட்டத்துக்குப் பின் வந்த தேசியப் பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பம் இடம் பெற்றது. நூற்றாண்டு முடியும் நேரத்தில் அதன் பெயர் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம், சுருக்கமாக ஐசிடி, என்று ஆனது. டோனி பிளேர் அரசு எல்லாப் பள்ளிகளையும் இணையத்தில் சேர்த்தது. ஆசிரியர்களுக்கு ஐசிடி பயிற்சி கொடுக்க லாட்டரிப் பணத்திலிருந்து 23 கோடி பவுண்டு ஒதுக்கியது. சுவரில் மின்பலகைகள் வந்தன. தள்ளுவண்டிக் காலம் போய் அறை நிறையக் கணினிகள்.

இயந்திரங்கள் பெருகப் பெருக அவற்றோடு செய்த வேலை சுருங்கியது. கடிதம் தட்டு, அட்டவணை போடு, ஸ்லைடு தயாரி. கணினியைப் போட்டால் இப்போது அழகான படமும் மெனுவும் வந்தன. மினுக்கும் கோடு எங்கேயோ உள்ளே போய் ஒளிந்துகொண்டது. நிரல் எழுத விரும்பும் பிள்ளை அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், பள்ளிக் கணினியில் பெரும்பாலும் அனுமதியும் இருக்காது.

ஐசிடியை வெறுமனே திட்டுவதும் சரியல்ல. அதை எந்த ஆசிரியரும் ஓரளவு பழகி நடத்த முடிந்தது, எல்லாப் பிள்ளைகளும் படிக்க முடிந்தது, பெண் பிள்ளைகள் கணிசமாக எடுத்துப் படித்தார்கள். 1980களில் பள்ளியின் ஒரே கணினியை எப்போதும் இரண்டு மூன்று பையன்களே பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மறுபடியும் முதலிலிருந்து

மாற்றத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் மாணவர் சேர்க்கையில் இருந்த எபன் அப்டன். முன்பெல்லாம் விண்ணப்பிக்கும் மாணவர்கள் வீட்டிலேயே நிரல் எழுதிப் பழகி வந்தார்கள். 2000களின் நடுவில் விண்ணப்பங்களும் குறைந்தன, வந்தவர்களின் அனுபவமும் குறைந்திருந்தது. பிள்ளைகள் கெடுத்துவிட்டாலும் கவலைப்படத் தேவையில்லாத விலையில் ஒரு கணினி வேண்டும் என்று அவரும் நண்பர்களும் நினைத்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். அதன் வகைகளுக்கு மாடல் ஏ, மாடல் பி என்று பெயர் வைத்தது பழைய ஆந்தைக்குச் செய்த மரியாதை. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் டேவிட் பிரேபன். மாணவராக இருந்தபோது இயன் பெல்லுடன் சேர்ந்து, 1984இல் பிபிசி மைக்ரோவுக்காக 'எலீட்' என்ற விண்வெளி விளையாட்டை எழுதியவர் அவர்.

இதற்கிடையே 2011 ஆகஸ்டில் கூகுளின் எரிக் ஷ்மிட் எடின்பரோவில் பேசும்போது, மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லித்தருகிறீர்கள், அதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தருவதில்லையே என்று பிரிட்டனைப் பார்த்துக் கேட்டார். உள்ளூர் ஆசிரியர்களும் பேராசிரியர்களும் 2008 முதலே ஒரு குழுவாகச் சேர்ந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வெளியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து சொன்னால்தானே காதில் விழும்! 2012 ஜனவரியில் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் பழைய ஐசிடி பாடத்திட்டத்தை எடுத்துவிடப் போவதாக அறிவித்தார். அதே வாரம் ராயல் சொசைட்டியும் பள்ளிக் கணினிக் கல்வியைக் கடுமையாக விமர்சித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 2014 செப்டம்பரில் இங்கிலாந்தில் 'கம்ப்யூட்டிங்' என்ற புதிய பாடம் வந்தது. ஐந்து வயதுப் பிள்ளைகூட எளிய நிரல் எழுதிப் பார்க்க வேண்டும்.

2016இல் பிபிசி மறுபடியும் களத்தில் இறங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கும் 'மைக்ரோபிட்' என்ற சிறு கணினியை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. பத்து லட்சம் அட்டைகள். அதற்குள் இருந்த சில்லு ஆர்ம் வகையைச் சேர்ந்தது. ராஸ்பெர்ரி பையிலும் ஆர்ம்தான். 1985இல் ஏகார்னில் இருந்தபடி முதல் ஆர்ம் சில்லை வடிவமைத்தவர்கள் வேறு யாருமல்ல, அந்த ஒரு வாரம் தூங்காமல் கம்பி சுற்றிய சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான். இதைப் படித்துக்கொண்டிருக்கும் கைப்பேசிக்குள்ளும் பெரும்பாலும் அதன் வாரிசுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் 1982இல் எங்கே சிக்கியதோ 2014இலும் அங்கேயேதான் சிக்கியது. கடிதம் தட்டவும் அட்டவணை போடவும் சொல்லித்தந்த ஐசிடி ஆசிரியரிடம், அடுத்த செப்டம்பரிலிருந்து அல்காரிதம் நடத்துங்கள் என்றால் அவர் என்ன செய்வார்? 2017இல் ராயல் சொசைட்டி மீண்டும் ஆராய்ந்தபோது, பாடம் பல பள்ளிகளில் ஒட்டுப்போட்டதுபோல் பலவீனமாக நடப்பதையும், தகுதியான ஆசிரியர்கள் போதவில்லை என்பதையும், ஜிசிஎஸ்இ கணினி அறிவியல் எழுதுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பெண் என்பதையும் கண்டது. அதற்குப் பிறகுதான், 2018இல், 8 கோடி பவுண்டுக்கு மேல் செலவில் ஆசிரியர் பயிற்சிக்கென்று தேசிய மையம் ஒன்று வந்தது. இயந்திரம் முதலில், ஆசிரியர் பிறகு என்ற பழைய வரிசை இந்தத் தடவையும் மாறவில்லை. ஐசிடிக்கான ஜிசிஎஸ்இ தேர்வும் அதே 2018உடன் நின்றுபோனது. அந்தத் தேர்வை எழுதியிருக்கக்கூடிய பெண் பிள்ளைகளில் பலர் புதிய பாடத்தின் பக்கம் வரவேயில்லை.

இரண்டாம் உலகப் போரில் ரகசியக் குறியீடுகளை உடைத்த பிளெட்ச்லி பார்க் வளாகத்தில் தேசியக் கணினி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஓர் அறை முழுக்க பிபிசி மைக்ரோக்களை வரிசையாக வைத்து 1980களின் வகுப்பறை போலவே அமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் அல்ல, மேசை மேல். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் உட்கார்ந்து தட்டலாம். சுவிட்சைப் போட்டால் இன்றும் அதே "பீப்", அதே கறுப்புத் திரை, அதே மினுக்கும் கோடு.